ஏலம் முடியும் வரை

மாசி மாதத்தில் ஒரு காலை, ஒரு கூடைக் காரப்பொடி என்கிற சில்லறை மீனுக்கு வஞ்சிரத்தின் விலையை ஏலத்தில் கேட்டாள் ஞானாம்பாள். கரையில் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். ஏலம் விடும் கிளியம்மாள்கூட வாயை மூடிக்கொண்டு அவள் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். இருபது வருடமாக அதே மணலில் மீன் எடுத்து, மற்ற பெண்களோடு டெம்போவில் ஏற்றி, மேடவாக்கம் வழியாகத் தாம்பரம் தாண்டி முடிச்சூர் ரோட்டில் உட்கார்ந்து விற்கிறவள். பத்துப் பத்து ரூபாயாக ஏற்றி, எதிரில் கேட்கிறவள் சலித்துப்போய் விலகும்வரை அசையாமல் நிற்கிற அழுத்தக்காரி. அப்படிப்பட்டவள் ஒரே தாவாகத் தாவி விலையை முடித்து, கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடினால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்?

நடந்தது வேறு. கிளியம்மாள் விலை சொல்லத் தொடங்கியதுமே ஞானத்துக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. காது அடைத்தது. உள்ளங்கை வேர்த்தது, விரல்கள் மரத்தன. இன்னும் கொஞ்ச நேரம் இந்தக் கூட்டத்தில் நின்றால் செத்துப்போவோம் என்று தோன்றியது. ஏலம் முடிந்தால் வெளியே போகலாம், விலையை ஏற்றினால் ஏலம் முடியும், அவ்வளவுதான் அவள் போட்ட கணக்கு. டெம்போவில் ஏறி, சோழிங்கநல்லூர் தாண்டுவதற்குள் எல்லாம் அடங்கிவிட்டது. அடங்கின பிறகு வெட்கம் வந்தது.

மறுநாளும் அதே கதை. அதற்கு அடுத்த நாளும். காரணம் தெரியாத ஊர் தானாக ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டது.

"தாமோதரன் பொண்டாட்டிக்குக் கொயுப்பு ஏறிப்போச்சு. நம்ம எவளும் மீன் எடுக்கக்கூடாதுன்னு வெலைய ஏத்திவுடறா" என்றாள் அம்மணி. அம்மணி ஏலத்தில் ஞானத்துக்கு நேர் போட்டி. இருவருக்கும் வயது ஒன்று, வாய் மட்டும் அம்மணிக்கு இரண்டு.

ஞானம் வாயைத் திறந்து உள்ளதைச் சொல்லியிருக்கலாம். சொல்ல முடியாது. அந்தக் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. மீன்பிடி போட்டு கடலில் இருக்கும்போது கரையில் இருக்கிற பெண் 'பயம்' என்ற சொல்லை வாயால் சொல்லக்கூடாது. சொன்னால் அது காற்றோடு போய் ஆளைத் தொடும் என்பார்கள். குழந்தை இருட்டைக் கண்டு அலறினால்கூட 'பிள்ள கூச்சப்படுது' என்றுதான் சொல்வார்கள். யாருடைய போட்டாவது எப்போதும் கடலில் இருக்கும். ஆகவே அந்தச் சொல்லுக்குக் குப்பத்தில் நேரமே கிடையாது. ஞானமும் ஊரோடு ஒத்து வாயுத் தொல்லை, 'கேஸு' என்று சொல்லிவைத்தாள். இஞ்சியும் ஓம வாட்டரும் குடித்துக் குடித்து நாக்கு வெந்ததுதான் மிச்சம்.

அவள் புருஷன் தாமோதரனுக்குக் கண் இருந்தது. பைபர் போட்டில் பங்காளிகளோடு கடலுக்குப் போகிறவன். பெண்டாட்டி நெஞ்சில் கை வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான், இரண்டும் இரண்டும் நாலு என்று முடிவுகட்டினான். போன ஐப்பசியில் அவன் போட்டு அலையில் கவிழ்ந்து, அவன் பொழுது சாயும்வரை மிதப்புக் கட்டையைப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறான். அன்றிலிருந்து இவள் தன்னை நினைத்துத்தான் உருகுகிறாள் என்று எடுத்துக்கொண்டான். உண்மையைச் சொன்னால் அந்த நினைப்பு அவனுக்கு உள்ளூர இனித்தது. எந்த ஆம்பளைக்குத்தான் இனிக்காது?

ஒரு நாள் சோறு தின்றுகொண்டே சொன்னான்: "நீ ஒண்ணியும் வாயத் தொறந்து சொல்லத் தேவல. எனக்குப் புரியுது. இனிமே நான் கடலுக்குப் போவல. பெருங்களத்தூர்ல ஒரு ஃபிளாட்ல செக்யூரிட்டி வேல கீதாம், சொல்லி வெச்சிகீறேன்."

அது இல்லை என்று சொல்ல வேண்டுமானால் அந்தச் சொல்லைச் சொல்லியாக வேண்டும். வெளியே நாலு போட்டு கடலில் இருந்தது. ஞானம் இன்னும் ஒரு கரண்டி குழம்பை அவன் தட்டில் ஊற்றினாள். அவன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான்.

இப்படியாகக் கடலில் பிறந்து கடலில் வளர்ந்த ஒரு மனிதன் விசில் ஊதப் போனான். அவனுடைய இடத்துக்கு போட்டில் மச்சான், ஞானத்தின் தம்பி, ஏறினான். ஞானத்துக்கோ ஒன்றும் குறையவில்லை. ஏலத்தில் வந்தது டெம்போவிலும் வந்தது, டெம்போவில் வந்தது முடிச்சூர் ரோட்டில் சில்லறை கொடுக்கும்போதும் வந்தது. ஏலத்துக்குப் போவதையே நிறுத்தினாள். எல்லோரும் எடுத்தது போக மிஞ்சியதைக் கிளியம்மாள் ஓரமாக ஒதுக்கி வைப்பாள். கூட்டம் கலைந்த பிறகு போய் எடுத்துக்கொள்வாள். மிஞ்சின மீனை விற்கிறவள் என்ற பெயர் வந்தது. அதுதான் அவளை அறுத்தது.

மகள் சரிதா விடவில்லை. லீவு போட்டுவிட்டு அம்மாவைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். நெஞ்சில் ஒயரெல்லாம் ஒட்டிப் பார்த்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். எல்லாம் நன்றாக இருந்தது. கடைசியில் ஒரு சின்ன வயது டாக்டரம்மா உட்கார வைத்துப் பேசினாள்.

"நெஞ்சுல ஒரு கோளாறும் இல்லம்மா. இது பதற்றம். பயப்பட வேண்டியது எதுவுமே இல்லாதப்ப உடம்பு தானா பயந்துக்குது. சுனாமிக்கு அப்புறம் ஆரம்பிச்சதா?"

"இல்லம்மா. அன்னிக்கு நாந்தான் நாலு பேர இஸ்த்துகினு மேட்டுக்கு ஓடனேன். இது வந்து மூணு மாசந்தான் ஆவுது. சும்மாவே வருது."

"சிலருக்கு அப்படித்தான். வரும்போது அந்த எடத்த விட்டு ஓடாதீங்க. ஓடினா அடுத்த தடவ இன்னும் பெரிசா வரும். மூச்ச இழுக்கறத விட, விடறது நீளமா இருக்கட்டும். டீயக் கொறைங்க. தெனமும் கொஞ்ச தூரம் நடங்க. முக்கியமா, யார்கிட்டயாவது வாயத் தெறந்து சொல்லுங்க. இதுலயும் அடங்கலன்னா திரும்பி வாங்க. மாத்திர இருக்கு, அதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல."

மூச்சு சரி, நடை சரி. வாயைத் திறக்கச் சொன்னாளே, அதற்கு எங்கே போவது என்பதுதான் திரும்பும் வழியெல்லாம் ஞானத்துக்குக் கவலை.

வழி மறுநாளே கிடைத்தது. முடிச்சூர் ரோட்டில் தூங்குமூஞ்சி மரத்தடியில் அவள் மீன் விற்கும் இடத்துக்குப் பக்கத்தில், அரிவாள்மணை போட்டு மீன் ஆய்ந்து கொடுக்கிறவள் செல்வமேரி. முடிச்சூர்க்காரி. அவள் பிறந்தபோது அந்த ரோட்டுக்கு இரண்டு பக்கமும் நெல் வயல், இப்போது மனைக்கல். ஞானம் விற்பாள், செல்வமேரி செதில் எடுத்து வெட்டுவாள். பதினோரு மணி வெயிலில் ஞானத்தின் முகம் வெளுத்தது.

"இன்னாக்கா, மூஞ்சி இப்பிடி ஆவுது?"

ஞானம் சுற்றிலும் பார்த்தாள். ஒரு மணல் லாரி போனது. கடல் எங்கேயோ இருந்தது, இங்கிருந்து அதற்குக் காது கேட்காது.

"மேரி, எனக்கு பயமா கீது."

"எதுக்கு?"

"ஒண்ணுத்துக்கும் இல்ல."

செல்வமேரி ஒரு சங்கரா மீனின் வாலை நறுக்கிவிட்டு நிமிர்ந்தாள். "ஒண்ணுத்துக்கும் இல்லாம எதுக்குப் பயம்?"

"அதான் தெர்ல. நெஞ்சு அடிச்சிக்குது. ஏந்து ஓடணும் போல கீது."

"ஓடு. மீன நான் பாத்துக்கறேன்."

"ஓடக்கூடாதாம். டாக்டரம்மா சொல்லிச்சு. இங்கியே குந்தி கெடக்கணுமாம்."

"அப்ப குந்து. சும்மா குந்தாத. இந்தக் கெயங்காவ செதில் எடு, எனக்குக் கை வலிக்குது."

கிழங்கானுக்குப் பொடிச் செதில். ஞானம் வாலிலிருந்து தலை நோக்கிச் சுரண்டினாள். ஒவ்வொரு மீனுக்கும் ஒரு மூச்சை நீளமாக விட்டாள். நெஞ்சு அடித்துக்கொண்டே இருந்தது, கை தன் வேலையைச் செய்துகொண்டே இருந்தது. குவியல் பாதியாகும்போது காது திறந்துகொண்டது. ரோட்டின் இரைச்சல் கேட்டது.

"போச்சா?" என்றாள் செல்வமேரி.

"போச்சு."

"நாளிக்கு வருமா?"

"வரும்."

"வரட்டும். கெயங்காவும் நாளிக்கு வரும்."

ஞானத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் வந்தது. இரண்டையும் முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"நம்மாண்ட சில அம்மாங்க வருதில்ல" என்றாள் செல்வமேரி, "எல்லா மீனையும் பொரட்டும், செவுளத் தூக்கும், மோந்து பாக்கும், அப்பறம் வாங்காமப் போவும். அதுக்காவ நாம கூடைய எட்த்துகினு ஓடறமா இன்னா? அது மாரிதான். பொரட்டிட்டுப் போவட்டும்."

அன்று முதல் அதற்கு 'வாங்காத அம்மா' என்று பெயர். வருகிறபோது ஞானம் மெதுவாக, "மேரி, அந்த அம்மா வந்துகினு கீது" என்பாள். செல்வமேரி ஒரு கூறு மீனை அவள் பக்கம் தள்ளுவாள். ஞானம் தாம்பரம் பஸ் ஸ்டாண்டிலேயே டெம்போவை விட்டு இறங்கி, கூடையை முன்னே அனுப்பிவிட்டு, முடிச்சூர் ரோடு நெடுக நடந்து வந்தாள். காலையில் ஒரு டீ, அதோடு சரி. டெம்போவில் தார்ப்பாய்க்குள் மூச்சு முட்டும்போது ஐஸ் கட்டியைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொள்வது அவளே கண்டுபிடித்தது. அந்த அம்மா வராமல் போன நாட்கள் உண்டு, ஒரே நாளில் பலமுறை வந்து பேஜார் பண்ணிய நாட்களும் உண்டு. ஆனால் ஒரு நாளும் ஞானம் கூடையை விட்டு எழுந்து ஓடவில்லை. வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளாவிட்டாலும் அதில் அவளுக்குப் பெருமை. இருக்க வேண்டிய பெருமைதான் அது.

ஆனி மாதத்தில் வெயில் ஏறிய ஒரு மத்தியானம், மீன் சீக்கிரம் தீர்ந்துவிட்டது. தூக்கில் நெத்திலிக் குழம்பும் சோறும் எடுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோ பிடித்துப் பெருங்களத்தூர் போனாள். புருஷன் வேலை செய்யும் இடத்தை அதுவரை பார்த்ததில்லை.

பார்க்காமலே இருந்திருக்கலாம். தோளில் நிற்காத நீலச் சட்டை, தலைக்குப் பெரிய தொப்பி. ஒரு கார் வந்து ஹாரன் அடித்தது. தாமோதரன் ஓடிப்போய் கேட்டைத் திறந்து, விறைத்து நின்று நெற்றிக்குக் கையைக் கொண்டுபோய் சலாம் வைத்தான். காரில் இருந்தவர் போனில் பேசிக்கொண்டே போய்விட்டார். வாடைக் காற்றில் போட்டு குதிக்கும்போது நின்றுகொண்டே வலை இழுக்கிறவன் அவன். அந்தக் கை நெற்றிக்குப் போனது ஞானத்துக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாயா இது, தொப்பி?"

"போட்டுக்கணும், ரூல்ஸு. இன்னா கொயம்பு?"

"நெத்திலி."

"வாசன மாடிக்குப் போவும். அந்தாண்ட வா, மோட்டார் ரூமாண்ட."

மோட்டார் ரூமின் நிழலில் குந்திக்கொண்டு அவன் தின்றான். அவன் நாலு வாய் தின்னும்வரை விட்டுவிட்டுப் பேச்சை எடுத்தாள்.

"யோவ், ஒண்ணு சொல்லணும். வூட்ல சொல்ல முடியாது. இங்க கடல் இல்ல, சொல்லலாம்."

"சொல்லு."

"எனக்கு பயம் கீது."

"தெரியுமே. அதான நான் வுட்டுட்டு வந்தேன்."

"உனக்காவ இல்ல."

வாய்க்குப் போன கை பாதி வழியில் நின்றது. "இன்னா?"

"உனக்காவ நான் பயப்படலய்யா. நீ கடல்ல கீறப்ப எனக்கு ஒண்ணும் ஆவறதில்ல. ஏலத்துல நின்னா ஆவுது, வண்டில குந்துனா ஆவுது. இதுக்குக் காரணமே இல்லன்னு டாக்டரம்மா சொல்லிச்சு."

"போட்டு கவுந்து கட்டையப் புட்ச்சிகினு கெடந்தேனே, அதுக்குக்கூடவா பயப்படல?"

"அன்னிக்கு பயந்தேன். நீ வந்த, போச்சு. இது அது இல்ல."

தாமோதரன் தூக்கைக் கீழே வைத்தான். இத்தனை நாளாக உள்ளுக்குள் வைத்துத் தடவிக்கொண்டிருந்த இனிப்பை யாரோ பிடுங்கிக்கொண்ட முகம்.

"அப்ப நான் இங்க இன்னாத்துக்குக் குந்திகினு கீறேன்?"

"அதத்தான் நானும் கேக்க வந்தேன்."

ஒரு கார் ஹாரன் அடித்தது. அவன் எழுந்துபோய்க் குழம்புக் கையை உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்தபடி இடது கையால் கேட்டைத் திறந்தான். சலாம் வைக்கவில்லை. திரும்பி வந்து குந்தினான்.

"இத்த ஏன் மொதல்லியே சொல்லல?"

"அங்க எப்பிடிய்யா சொல்றது? போட்டு கடல்ல கீதே."

அந்த வழக்கத்தில் வளர்ந்தவன்தானே அவனும்.

"இப்ப எப்பிடிகீது?"

"வருது, நிக்கறேன், போவுது. அடங்கலன்னா வா, மாத்திர தரேன்னு சொல்லிகீறாங்க. இதுவரிக்கும் அடங்குது."

"ஏலத்துல நின்னியா?"

ஞானம் தரையைப் பார்த்தாள். "இன்னும் நிக்கல."

"அப்ப கேட்டுக்க. நான் கடலுக்குப் போறேன். மொத நாளு போட்டு கரைக்கு வர்றப்ப நீ ஏலத்துல நின்னு மீன் எட்க்கணும். நிக்கலன்னு வெச்சிக்க, எனக்கு அங்க மனசு ஓடாது, கையி ஓடாது. திரும்ப இதே தொப்பிய மாட்டிகினு வந்துடுவேன்."

"சரி. ஆனா நான் தடுமாறுனன்னா நீ வலைய வுட்டுட்டு ஓடியாறக் கூடாது. நீ வந்து கூட்டிகினு போனா, அப்பறம் ஏழு ஜென்மத்துக்கும் நான் அங்க நிக்க மாட்டேன்."

தாமோதரன் தலையாட்டினான். மிச்சமிருந்த நெத்திலியைத் தின்று தீர்த்தான்.

ஒரு வாரம் கழித்து, மறுபடி கடலுக்குப் போன தாமோதரனின் போட்டு கரைக்கு வந்தது. நவரையும் சங்கராவுமாக வலை நிறைய நல்ல பாடு. மூன்று போட்டு இன்னும் கடலுக்குள்ளே இருந்தது. ஈர மணலில் மீனைக் கொட்டியதும் பெண்கள் மொய்த்தார்கள். ஞானம் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கூட்டத்தின் நடுவில் போய் நின்றாள். ஓரத்தில் நிற்கலாம், ஓட வசதியாக இருக்கும். அதனால்தான் நடுவில் நின்றாள்.

"இன்னாடி, வெலய ஏத்த வந்துட்டியா?" என்றாள் அம்மணி.

கிளியம்மாள் விலை சொன்னாள். அம்மணி ஏற்றினாள். ஞானம் ஒரு பத்து ஏற்றினாள். அம்மணி மறுபடி ஏற்ற, ஞானம் இன்னொரு பத்து. அவ்வளவில் வந்துவிட்டது அது. நெஞ்சு தொண்டைக்கு ஏறியது, காது அடைத்தது, கிளியம்மாளின் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. நூறாக ஒரே தாவு தாவினால் இந்த நொடியே முடிந்துவிடும் என்று நாக்கு துடித்தது. ஞானம் கால் விரல்களை ஈர மணலில் புதைத்தாள். மூச்சை விட்டாள். போதவில்லை. இன்னொரு மூச்சு விட்டாள். இடுப்பிலிருந்து கூடை நழுவியது.

"கிளிக்கா, கொஞ்சம் இரு" என்றாள். குரல் கிழிந்து வந்தது. "எனக்கு பயமா கீது. மூச்சு வுட்டுட்டுக் கேக்கறேன்."

கரை அப்படியே நின்றது. அந்த மணலில் ஒரு பெண் அந்தச் சொல்லைச் சொல்லி யாரும் கேட்டதில்லை. எல்லார் கண்ணும் கடலுக்குப் போனது. ஒருத்தி தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"இன்னா வார்த்த சொல்ற? போட்டுங்கோ உள்ள கீது" என்றாள் அம்மணி. அதட்டலாகச் சொல்ல நினைத்தாள், குரல் அதட்டலாக வரவில்லை.

"கடலப் பாத்துச் சொல்லல அம்மணி. என் நெஞ்சப் பத்திச் சொன்னேன். நாலு மாசமா இதான் எனக்கு. கொயுப்பு இல்ல."

இடுப்பளவு தண்ணீரில் போட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற தாமோதரன் எல்லாவற்றையும் கேட்டான். ஒரு கால் தானாகக் கரைப் பக்கம் நகர்ந்தது. மச்சான், "மாமா, போய்ப் பாருய்யா, அக்கா விழுந்துடப் போவுது" என்றான்.

"விழமாட்டா. நீ வலைய ஒதறு" என்றான் தாமோதரன். அந்தக் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். கடலில் அவன் எத்தனையோ இழுத்திருக்கிறான். அந்தக் கால்தான் கனம். மச்சானிடம் மறுபடி சொன்னான், இந்தத் தடவை பக்கத்துப் போட்டுக்காரனுக்கும் கேட்கிற மாதிரி: "என் பொண்டாட்டி. பயந்துகினே கேப்பா பாரு."

கிளியம்மாள் நாற்பது வருடமாக ஏலம் விடுகிறவள். யாருக்காகவும் அரை நிமிடம் நிறுத்தியவள் இல்லை. கையை உயர்த்திக் கூட்டத்தை அமர்த்தினாள். "ஞானம் கேக்குது. இருங்க" என்றாள்.

இருந்தார்கள். ஞானம் ஒரு மூச்சை மெதுவாக, கடைசிச் சொட்டு வரை விட்டாள். நெஞ்சு இன்னும் அடித்துக்கொண்டுதான் இருந்தது. அடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள். பத்து ஏற்றினாள். அம்மணியும் ஏற்றினாள். மறுபடி ஒரு பத்து. வேர்வை கழுத்தில் வழிந்து ரவிக்கைக்குள் இறங்கியது, அவள் துடைக்கவில்லை. இப்படியே நெடுநேரம் போனது. கடைசியில் அம்மணி வாயைத் திறந்து, மூடிக்கொண்டு, ஒரு அடி பின்னால் போனாள். கிளியம்மாள் மீனை ஞானத்தின் பக்கம் தள்ளிவிட்டாள்.

மூன்று போட்டும் ஒவ்வொன்றாகக் கரைக்கு வந்தது. ஒருவனுக்கும் ஒன்றும் ஆகவில்லை. மூன்றிலும் மீன் இருந்தது. பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தாமோதரன் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு பெண்டாட்டியைக் கடந்து போனான். நிற்கவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, கரையையே வாங்கிவிட்டவன் போல நடந்தான்.

ரோட்டோரம் டெம்போ உறுமிக்கொண்டிருந்தது. ஞானம் ஏறி உட்கார்ந்து, மீன் மேல் ஐஸை உடைத்துப் பரப்பினாள். உடம்பு முழுக்க ஓய்ந்து கிடந்தது, மனசு மட்டும் ஓயவில்லை. கடைசி ஆளாக அம்மணி கூடையோடு வந்து நின்றாள். வழக்கமாக அவள் டிரைவர் பக்கத்து சீட்டில் போய் உட்காருகிறவள். இன்று அங்கே போகவில்லை. கடலை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். எல்லாப் போட்டும் கரையில் இருந்தது.

"ஞானம், அது ஏலத்துலதான் வருமா? ராவுல படுத்துகினு கீறப்ப வராதா?"

"எப்ப வேணா வரும்."

அம்மணி குரலை இறக்கினாள். "எனக்கு சுனாமிலேந்து வருது."

ஞானம் கூடையைத் தன் பக்கம் இழுத்து, ஒரு ஆள் உட்கார இடம் விட்டாள்.

"ஏறிக்க. மேடவாக்கம் வரிக்கும் டைம் கீது" என்றாள்.